சாலையை எடுத்தால் குட்டை வரும்

வெள்ளிக்கிழமை காலையில் குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் நின்று பாருங்கள். ஆட்டுச் சந்தைக்கு வரும் டெம்போக்கள், ஓசூர் கம்பெனிகளுக்கு இரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரிகள், கிரானைட் பாளம் ஏற்றிய வண்டிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். தரை அசையாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும், அதனால் இங்கே சாலை போடுகிறவர்களுக்குத் தரை அமுங்குமோ என்ற கவலை பெரிதாகக் கிடையாது.

ஆனால் உலகத்தில் வேறொரு வகைத் தரை இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மீதி ஒரு பங்கு, பாதி மக்கிய செடிகள். அதன் மேலேயும் மனிதர்கள் சாலை போட்டார்கள். இப்போது சில நாடுகளில் அந்தச் சாலைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போடுவதைவிட எடுப்பதுதான் கஷ்டம் என்று அவர்களுக்குப் பிறகுதான் புரிந்தது. ஏன் கஷ்டம் என்பதை ஒரு செங்கல்லை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன்னால் அந்தத் தரை எப்படி உண்டானது என்று பார்த்துவிடுவோம்.

அந்தத் தரைக்குப் பீட் என்று பெயர். தமிழில் முற்றா நிலக்கரி என்றும் சொல்வார்கள். செடி செத்தால் என்ன ஆகும்? நம் ஊர் மாந்தோப்பில் உதிரும் இலை இரண்டு மழையில் மக்கி மண்ணாகிவிடும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைத் தின்று தீர்த்துவிடும். ஆனால் வருடம் முழுவதும் தண்ணீர் தேங்கி நிற்கும் குளிர்ந்த பள்ளத்தில் ஆக்சிஜன் உள்ளே போக முடியாது. அதனால் தின்கிற வேலை மெதுவாக நடக்கும், முடியாமலே நின்றும் போகும். செத்த புல்லும் பாசியும் அரைகுறையாக மக்கி அப்படியே அடுக்கடுக்காகச் சேரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் உயரும். அதாவது உங்கள் இடுப்பு உயரத்துக்குப் பீட் சேர வேண்டுமானால் சோழர் காலத்திலேயே ஆரம்பித்திருக்க வேண்டும்!

குளிர் நாடுகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஸ்பேக்னம் என்ற பாசி. தன் காய்ந்த எடையைப் போல 15 முதல் 20 மடங்கு தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள தண்ணீரைப் புளிப்பாகவும் மாற்றிவிடும். புளிப்பு இருக்கிறது, காற்று இல்லை. ஊறுகாய் ஜாடிக்குள் இருப்பதும் இதே நிலைமைதான். அதனால் உள்ளே விழுந்தது எதுவும் சீக்கிரம் கெடாது. 1950இல் டென்மார்க்கில் பீட் வெட்டியவர்கள் ஒரு மனிதரின் உடலைப் பார்த்து, அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட்டார்கள். முகத்தில் தாடி மயிர்கூடத் தெரிந்தது. ஆராய்ந்தபோது அவர் இறந்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. டோலண்ட் மனிதர் என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். கடைசியாக அவர் சாப்பிட்ட கஞ்சி வயிற்றில் அப்படியே இருந்தது.

இப்படிக் கெடாமல் கிடக்கிற ஒவ்வொரு இலையிலும் கார்பன் இருக்கிறது. உலக நிலப்பரப்பில் பீட் இருப்பது வெறும் 3 சதவீதம்தான். ஆனால் உலகத்துக் காட்டு மரங்கள் எல்லாவற்றிலும் இருக்கும் கார்பனைவிட அதிகமான கார்பன் அந்த 3 சதவீதத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர்தான் அந்தப் பூட்டு.

இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். நம் நீலகிரியிலேயே பீட் இருக்கிறது. ஊட்டிக்கு மேலே, புல்வெளிக் குன்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் கறுப்பாகக் கிடக்கிறது. இங்கே அது பெரும்பாலும் புல்லும் கோரையும் மக்கிச் சேர்ந்தது. ஓசூரைத் தாண்டியதும் வரும் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறதல்லவா? அங்கே வேலை செய்த ரா. சுகுமாரும், அகமதாபாத், லக்னோ நகரங்களின் ஆய்வகங்களைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் சேர்ந்து நீலகிரிப் பீட்டை அடுக்கடுக்காக வெட்டி எடுத்து ஆராய்ந்தார்கள். 1993இல் அவர்களுடைய கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது.

அவர்கள் செய்தது துப்பறியும் வேலை. செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்வதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. வறண்ட காலத்தில் ஒரு வகைப் புல் அதிகம் வளரும். மழை நன்றாக இருந்தால் மற்ற வகைச் செடிகள் ஓங்கும். இரண்டிலும் சேரும் கனமான கார்பனின் அளவு கொஞ்சம் வேறுபடும். பீட்டின் ஒவ்வொரு அடுக்கிலும் அந்த அளவை அளந்தால், அந்தக் காலத்தில் இங்கே மழை எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது நீலகிரி வறண்டிருந்தது. 11,000 ஆண்டுகள் வாக்கில் பருவமழை கொட்டித் தீர்த்தது. எழுத்து தோன்றும் முன்பே எழுதி வைக்கப்பட்ட மழைக் கணக்கு அது. ஒரு ஜேசிபி அரை நாளில் அதை அழித்துவிடும்.

சரி, சாலைக்கு வருவோம்.

பீட்டின் மேல் நடப்பதே கஷ்டம் என்பதால் ஆதி மனிதர்களும் அங்கே பாதை போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 1970இல் ரே ஸ்வீட் என்ற பீட் வெட்டும் தொழிலாளி வாய்க்காலைச் சுத்தம் செய்யும்போது ஒரு பலகையில் மண்வெட்டி இடித்தது. தோண்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளத்துக்கு மரப்பாதை! மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்து, கி.மு. 3807 அல்லது 3806இல் போட்டது என்று ஆண்டையே சொல்லிவிட்டார்கள். கம்புகளைப் பெருக்கல் குறி போலக் குறுக்கும் மறுக்குமாகக் குத்தி, மேலே பலகையை வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். மனிதர் மேலே நடந்தார்கள், தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. பொறியியல் பட்டம் எதுவும் இல்லாத அவர்கள் முக்கியமான விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தார்கள் என்பது என் கருத்து.

நம் காலத்தில் லாரி போக வேண்டுமே! கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பூமிக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. மேலே மைல் கணக்கில் பீட் சதுப்பு. கிணறு தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுபோகச் சாலை வேண்டும். குளிர்காலத்தில் தரை உறைந்து கிடக்கும்போது பனியை அழுத்தி, மேலே தண்ணீர் ஊற்றி ஐஸ் சாலை போட்டுவிடுவார்கள். வசந்தம் வந்தால் அது உருகி மறைந்துவிடும். வருடம் முழுவதும் போய்வர வேண்டுமானால் அது போதாது. அப்போது பீட்டின் மேல் தடிமனான செயற்கைத் துணியை விரித்து, அதன் மேல் களிமண்ணும் ஜல்லியும் கொட்டி மேடாக்குவார்கள். எண்ணெய் தீர்ந்ததும் கம்பெனி போய்விடும். சாலை அங்கேயே கிடக்கும்.

அந்தச் சாலை பீட்டை என்ன செய்கிறது? இங்கேதான் செங்கல் வருகிறது.

தளி, பாகலூர், சூளகிரிப் பக்கம் ரோஜா, குடைமிளகாய் வளர்க்கும் பசுமைக்குடில்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் நாற்றுப்பண்ணைகளிலும் குழித்தட்டில் மண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவைப் போடுவார்கள், கோகோபீட் என்று சொல்வார்களே, அதுதான். ஐரோப்பாவில் தொட்டிச் செடிக்கு நிஜமான பீட்டையே தோண்டிப் போடும் வழக்கம் உண்டு. அதற்கு மாற்றாக இப்போது பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கழிவு கட்டி கட்டியாகக் கப்பலில் போகிறது. நம் சோதனைக்கும் அதுவே போதும். நாற்றுப்பண்ணையில் கேட்டால் ஒரு பை கொடுப்பார்கள்.

நீளமான ஒரு பிளாஸ்டிக் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் ஒரு செங்கல் நீளத்துக்கு இருக்கட்டும். ஒரு முனையின் அடிப்பகுதியில் நாலைந்து சின்ன ஓட்டைகள் போடுங்கள். நன்றாக ஊறவைத்த நார்க்கழிவை நாலு விரல் உயரத்துக்கு நிரப்புங்கள். ஓட்டை இல்லாத முனைக்குக் கீழே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தால் லேசான சரிவு கிடைக்கும். மேல் முனையில் கிளாசால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் நார்க்கழிவுக்குள்ளேயே ஊர்ந்து கீழ் முனைக்கு வந்து சொட்டும். இதுதான் உயிரோடு இருக்கும் சதுப்பு.

இப்போது தட்டின் நடுவே, இரண்டு ஓரத்தையும் தொடும்படி செங்கல்லைக் குறுக்கே வைத்துக் கையால் நன்றாக அழுத்துங்கள். செங்கல் அமுங்கும். அதற்கு அடியில் உள்ள நார்க்கழிவு நசுங்கி இறுகிவிடும். மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். மேல்புறம் தேங்கும். கீழ்ப்புறத்துக்கு வரும் சொட்டு குறையும். வெயிலில் வைத்து, மேல்புறம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால், இரண்டொரு நாளில் கீழ்ப்புறம் நிறம் மாறிக் காய்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

கனடாவின் சதுப்புகளில் நடப்பது இதேதான். பீட்டில் தண்ணீர் பெரும்பாலும் மேல் அடுக்கு வழியாகத்தான் நகரும். அங்கேதான் இடைவெளி அதிகம். சாலை நசுக்குவதும் அதே மேல் அடுக்கைத்தான். சாலையின் அகலம் பத்து மீட்டர்தான் இருக்கும், ஆனால் கேடு இரண்டு பக்கமும் வெகுதூரம் பரவும். மேல்புறம் வெள்ளம் தேங்கி மரங்கள் பட்டுப்போகும். கீழ்ப்புறம் காயும். காய்ந்த பக்கத்தில் காற்று உள்ளே நுழையும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பட்டினி கிடந்த பாக்டீரியாக்களுக்கு விருந்து கிடைக்கும், கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். வெள்ளம் தேங்கிய பக்கம் மட்டும் நல்லபடியாக இருக்குமா? காற்றே இல்லாத அந்த இடத்தில் வேறு நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வலியது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆல்பர்ட்டாவில் சாலையோரமாகவே அளந்து பார்த்தார்கள். தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே சாலை போகிற இடங்களில், மேல்புறத்தில், குழாய்ப் பாலம் இல்லாத தொலைவில் மீத்தேன் கூடுதலாக இருந்தது. குழாய்ப் பாலத்தின் பக்கத்தில் அவ்வளவு இல்லை.

நீங்களும் ஒரு குழாய்ப் பாலம் கட்டலாம். பப்பாளி இலைக்காம்பு உள்ளே வெறுமையாக இருக்குமல்லவா? இரண்டு மூன்று துண்டுகளைச் செங்கல்லுக்கு அடியில், தட்டின் நீளவாக்கில் செருகுங்கள். தேங்கிய தண்ணீர் அந்தப் பக்கம் போய்விடும். காம்பை உயரமாக வைத்தால் போகாது, ரொம்பக் கீழே வைத்தால் சேறு அடைத்துக்கொள்ளும். பொறியாளர்கள் தலையைச் சொறிவதும் இதே இடத்தில்தான்.

காய்ந்த பீட் சும்மா இருக்காது, அமிழும். இங்கிலாந்தில் ஹோம் ஃபென் என்ற இடத்தில், சதுப்பின் தண்ணீரை வடித்து வயலாக்கிய 1851ஆம் ஆண்டில், ஒரு இரும்புக் கம்பத்தைத் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அந்தக் கம்பம் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. கம்பம் வளரவில்லை! சுற்றியிருந்த தரைதான் இறங்கிப்போனது. இந்தோனேசியாவில் இன்னும் மோசம். நெல் விளைவிக்கலாம் என்று 1990களில் காலிமந்தானில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். நெல் சரியாக விளையவில்லை. காய்ந்த பீட் மட்டும் 1997இலும் 2015இலும் மாதக்கணக்கில் தரைக்கடியிலேயே எரிந்தது. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் சொந்தக்காரர்களிடம் கேட்டுப்பாருங்கள், அந்தப் புகை அவர்கள் வீட்டு ஜன்னல் வரை வந்த கதையைச் சொல்வார்கள்.

இனி முக்கியமான கட்டம். சாலைதானே பிரச்சினை? எடுத்துவிட்டால் தீர்ந்ததா?

செங்கல்லைத் தூக்குங்கள். அடியில் என்ன இருக்கிறது? பள்ளம். தண்ணீர் ஊற்றினால் பள்ளத்தில் குட்டையாகத் தேங்குகிறது. இறுகிய நார்க்கழிவு தானாக உப்பி எழுந்து வரவில்லை. சதுப்புப் பாசி குட்டையில் முங்கியும் வளராது, தண்ணீருக்கு வெகு மேலே நின்றும் வளராது. தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டினாற்போல, சில சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் அதற்கு இடம் வேண்டும். ஜல்லி முழுவதையும் அள்ளிவிட்டால் குட்டை. கொஞ்சம் விட்டுவைத்தால் மேடு. மேட்டில் பாசிக்குப் பதில் களைதான் வரும். அதுவும் போக, ஜல்லியிலும் களிமண்ணிலும் உள்ள சுண்ணாம்பும் பிற தாதுக்களும் தண்ணீரின் புளிப்பைக் குறைத்துவிடும். புளிப்பை நம்பி வாழும் பாசிக்கு அது ஒத்துக்கொள்ளாது.

அதனால் சாலையை எடுக்கிறவர்கள் முதலில் கையில் எடுப்பது மண்வெட்டி அல்ல, மட்டம் பார்க்கும் கருவி. சுற்றியுள்ள சதுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, அந்த உயரம் வரும்வரை மட்டும் மேட்டைச் சீவுவார்கள். இன்னொரு வழியும் உண்டு. ஆல்பர்ட்டாவில் நார்தர்ன் ஆல்பர்ட்டா தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பொக்லைனால் ஆழத் தோண்டி, மேலே கிடந்த களிமண்ணை அடியில் போட்டு, நசுங்கிக் கிடந்த பீட்டை உதிர்த்து மேலே கொண்டுவருவது. களிமண்ணை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோகும் செலவும் மிச்சம். பக்கவாட்டு வாய்க்கால்களை அங்கங்கே அடைத்துத் தண்ணீர் ஓடிப்போகாமல் நிறுத்துவதும் இந்த வேலையில் சேர்ந்ததே.

பிறகுதான் விதைப்பு. கியூபெக்கில் லாவால் பல்கலைக்கழகத்தின் லீன் ரோஷ்ஃபோர்ட் குழுவினர் இதற்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். நல்ல சதுப்பின் மேலடுக்குப் பாசியை மட்டும் மெல்லிசாகச் செதுக்கி எடுத்து, துண்டு துண்டாக்கி, வெறும் பீட்டின் மேல் தூவுவார்கள். ஒரு பங்கு இடத்துப் பாசி பத்துப் பங்கு இடத்துக்குப் போதும். மேலே வைக்கோல் பரப்பி வெயிலிலிருந்து காப்பாற்றுவார்கள். ஸ்பேக்னத்தின் ஒரு சின்னத் துண்டிலிருந்து முழுச் செடியும் முளைத்துவிடும், அதுதான் இந்த முறைக்கு அடிப்படை. பீட் தோண்டி எடுத்துப் பாழாக்கிய புவா தெ பெல் என்ற சதுப்பில் 1999இல் இப்படித் தூவினார்கள். ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து அளந்தபோது, அது வெளியே விடும் கார்பனைவிட உள்ளே வாங்கும் கார்பன் அதிகமாகியிருந்தது. சாலை எடுத்த இடங்களிலும் இப்போது இதே பாசி முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். நசுங்கிய பீட்டில் பலன் இன்னும் மெதுவாகத்தான் கிடைக்கும்.

எல்லாச் சாலையையும் எடுத்துவிடவும் முடியாது. இலங்கையில், கொழும்புக்கு வடக்கே முத்துராஜவெல என்ற பெரிய சதுப்பு இருக்கிறது. சுமார் 7,000 ஆண்டுகளாகப் பீட் சேர்ந்த நிலம். கொழும்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் விரைவுச் சாலை அதன் வழியாகத்தான் போகிறது. 2013 அக்டோபரில் திறந்தார்கள். மெத்தென்ற தரையை உறுதிப்படுத்தவே பெரும் வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சாலையை யாரும் பெயர்த்தெடுக்கப் போவதில்லை. அதற்கு அடியில் தண்ணீர் தாராளமாகப் போய்வருகிறதா என்பது மட்டும்தான் இனி பார்க்க வேண்டியது. சென்னைப் பள்ளிக்கரணையில் பீட் கிடையாது, ஆனால் தொரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை அந்தச் சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. 2022இல் ராம்சர் என்ற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் இடம் கிடைத்த பிறகும் அங்கே கேட்க வேண்டிய கேள்வி இதுவேதான்.

நம் நீலகிரிச் சதுப்புகளுக்கு ஆபத்து சாலையாக மட்டும் வரவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரங்கள் புல்வெளிகளில் பரவித் தண்ணீரை உறிஞ்சுகின்றன. கேரட்டும் உருளைக்கிழங்கும் போட, பள்ளங்களில் வாய்க்கால் வெட்டி ஈரத்தை வடிக்கிறார்கள். நீலகிரிப் பழங்குடியினரான தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல், இந்த ஈரப் பள்ளங்களில்தான் வளரும். பள்ளம் காய்ந்தால் கூரைக்குப் புல் கிடையாது. நீங்கள் ஊட்டிக்குச் சுற்றுலா போனால், மேட்டுப் புல்வெளிக்குள் ஜீப் ஓட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு ஜீப் சக்கரத் தடமே தண்ணீருக்கு வாய்க்காலாகிவிடும்.

குந்தாரப்பள்ளியில் பீட் இல்லை. ஏரி இருக்கிறது, ஏரிக்கு வரத்துக் கால்வாய் இருக்கிறது, அதன் குறுக்கே சாலை இருக்கிறது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள், பெரியவர்கள் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் ஏரிப் பக்கத்துச் சாலையோரம் போய்ப் பாருங்கள். ஹைவேயில் வேண்டாம், ஊருக்குள் போகும் சின்னச் சாலையே போதும். எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கிறது? எந்தப் பக்கம் வறண்டு கிடக்கிறது? நடுவே சிறுபாலம் இருக்கிறதா, இருந்தால் திறந்திருக்கிறதா, குப்பையால் அடைத்திருக்கிறதா? பார்த்ததைப் படமாக வரைந்து, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஒரு பிரதியை எங்களுக்கு அனுப்புங்கள். இன்னொன்றை உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.